பைரேட்ஸ் ரசிகனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிட்ஸ்பர்க் பக்கத்தில் இருக்கும் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரா கோயில் கேன்டீனில் புளியோதரைத் தட்டோடு உட்கார்ந்தால் போதும், என் தொப்பியைப் பார்த்து யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற பேஸ்பால் டீமின் தொப்பி அது. ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், புதிதாக வேலைக்கு வந்து சேர்ந்த பையன்கள், ஃபோனில் அப்பா என்று எல்லோரும் கேட்பது அதே பத்துப் பதினைந்து கேள்விதான். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லி வாய் வலித்ததால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

வருஷத்துக்கு 162 மேட்சா? அதுல 90 தோத்தா என்ன, 80 தோத்தா என்ன?

நல்ல சந்தேகம். பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கில் 30 டீம்கள். ஒவ்வொன்றும் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை கிட்டத்தட்ட தினமும் ஆடும். பெரிய டீமும் பெரும்பாலும் 60 மேட்ச் பக்கம் தோற்கும், மோசமான டீமும் பெரும்பாலும் 50, 60 ஜெயித்துவிடும். வித்தியாசம் எல்லாம் நடுவில் இருக்கும் அந்த 40 மேட்சில்தான்.

81 ஜெயித்தால் பாதிக்குப் பாதி. 90 பக்கம் போனால் பிளேஆஃப் கனவு காணலாம். 2025-ல் பைரேட்ஸ் ஜெயித்தது 71. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் 76, 76. 2021-லும் 2022-லும் 100-க்கு மேலோ சரியாக 100-ஓ தோற்றார்கள்.

எத்தனை வருஷமா இப்படி?

கடைசியாக உலகத் தொடரை, அதாவது மேஜர் லீக் இறுதிப் போட்டியை, ஜெயித்தது 1979-ல். அப்போது நான் பிறக்கவே இல்லை. 1992-ல் இறுதிக்கு ஒரு படி முன்னால், அட்லாண்டாவில், கடைசி இன்னிங்ஸ் தொடங்கும்போது 2-0 என்று முன்னிலை. கடைசி அவுட் ஒன்றுதான் பாக்கி. அந்த நேரத்தில் ஃபிரான்சிஸ்கோ கப்ரேரா என்ற மாற்று ஆட்டக்காரர் அடித்த பந்தில் சிட் பிரீம் என்பவர் முழங்கால் வலியோடு ஓடிவந்து ஜெயிக்கும் ரன்னை எடுத்துவிட்டார். அந்த சிட் பிரீம் பைரேட்ஸின் பழைய ஆள் என்பதை இந்த ஊர்க்காரர்கள் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும்.

அதற்குப் பிறகு 1993 முதல் 2012 வரை தொடர்ந்து 20 சீசன் ஜெயித்ததை விடத் தோற்றதே அதிகம். வட அமெரிக்காவின் பெரிய விளையாட்டுகள் எதிலும் இப்படி ஒரு நீளம் கிடையாது. 2013, 2014, 2015-ல் மூன்று வருடம் வெயில் அடித்தது. 2018-ல் பாதிக்குக் கொஞ்சம் மேலே, 82 வெற்றி. அவ்வளவுதான்.

நீங்க கடைசியா எப்பண்ணா சந்தோஷமா இருந்தீங்க?

2013 அக்டோபர் 1. சின்சினாட்டி ரெட்ஸோடு ஒரே ஒரு மேட்ச், தோற்றால் வீட்டுக்கு. அப்போது நான் மைதானத்துக்குப் பக்கத்தில் நார்த் சைடில் ஒரு மாடி அறையில் இருந்தேன். டிக்கெட் கிடைக்கவில்லை, டிவிதான். மைதானத்தில் 40,000 பேர் கறுப்புச் சட்டையில். ரெட்ஸ் பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர், ஜானி க்வேட்டோவின் பெயரை "க்வே-ட்டோ" என்று இழுத்து இழுத்துக் கத்தினார்கள். மனிதர் பதறினாரோ என்னவோ, கையிலிருந்த பந்து நழுவிக் கீழே விழுந்தது. அடுத்த பந்தை நம் ஆள் ரஸ்ஸல் மார்ட்டின் வெளியே அடித்தார், ஹோம் ரன்.

இதில் எனக்கு மறக்காதது என்ன தெரியுமா? டிவி ஒளிபரப்பு சில நொடி தாமதம். அதனால் கூச்சல் முதலில் ஜன்னல் வழியாக வந்தது. மார்ட்டின் மட்டையைச் சுழற்றுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஜன்னலை அந்த வருடம் குளிர் வந்தும் நான் சாத்தவில்லை.

மேனேஜ்மென்ட் சரியில்லன்னா மேனேஜர மாத்த வேண்டியதுதானே?

இங்கே பெயர்க் குழப்பம் இருக்கிறது. பேஸ்பாலில் மேனேஜர் என்றால் நம் ஊர்க் கணக்கில் கோச். யார் வீசுவது, யாரை எப்போது மாற்றுவது என்று மைதானத்தில் முடிவு செய்பவர். அவருக்கு மேலே ஜெனரல் மேனேஜர்: ஆட்களை வாங்குவது, விற்பது, ஒப்பந்தம் எல்லாம் அவர் வேலை. 2019 கடைசியிலிருந்து பென் செரிங்டன். அவருக்கு மேலே ஓனர் பாப் நட்டிங். 2007-லிருந்து டீம் அவர் கையில். நட்டிங் குடும்பத்தின் பிழைப்பு பத்திரிகைத் தொழில், பக்கத்து மாநிலமான மேற்கு வர்ஜீனியாவில்.

மேனேஜரை மாற்றினார்கள். 2025 மே மாதம், 38 மேட்சில் 26 தோற்ற பிறகு, டெரக் ஷெல்டனை அனுப்பிவிட்டு டான் கெல்லியைப் போட்டார்கள். கெல்லி இந்த ஊர்ப் பையன், நல்லவர், டீமும் கொஞ்சம் நிமிர்ந்தது. ஆனால் அந்த சீசனில் 30 டீம்களிலேயே குறைவாக ஹோம் ரன் அடித்தது பைரேட்ஸ்தான். அடிக்கத் தெரிந்த ஆளை வாங்கிக்கொடுக்காமல் மேனேஜரை மாற்றுவது, சாம்பாரில் உப்பில்லை என்றதும் பரிமாறுகிறவரை மாற்றுவது மாதிரி.

சின்ன ஊரு, காசு இல்ல. நியூயார்க் மாதிரி முடியுமா என்ன?

எல்லோரும் சொல்லும் சமாதானம் இது. பாதி உண்மை. நியூயார்க் மெட்ஸ் 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோ என்ற ஒரே ஆளுக்கு 15 வருடத்துக்கு 76.5 கோடி டாலர் எழுதிக்கொடுத்தது. பைரேட்ஸ் அதுவரை எழுதிய ஒப்பந்தங்களிலேயே பெரியது பிரையன் ரெனால்ட்ஸுக்கு 2023-ல் போட்டது: 8 வருடத்துக்கு 10 கோடியே 67 லட்சம் டாலர். நியூயார்க்கோடு பணத்தில் மோத முடியாது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மில்வாக்கியைப் பாருங்கள். சுற்றுவட்டாரத்தையும் சேர்த்துப் பார்த்தால் பிட்ஸ்பர்க்கை விடச் சின்ன ஊர். அதே பிரிவில், வருடா வருடம் நம்மோடு மோதுகிற டீம். 2025-ல் அந்த மில்வாக்கி ப்ரூவர்ஸ் 97 மேட்ச் ஜெயித்து லீக் முழுவதிலும் முதலிடத்தில் முடித்தது. டாம்பா பே, கிளீவ்லாண்ட் எல்லாம் குறைந்த காசில் அடிக்கடி பிளேஆஃப் போகிறவை. ஊர் சின்னதாக இருந்தால் தப்பு செய்ய இடம் குறைவு, அவ்வளவுதான். ஜெயிக்கவே முடியாது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

இன்னொன்று, சின்ன ஊர் டீம்களுக்கு லீக்கே பணம் கொடுக்கிறது. ஒவ்வொரு டீமும் தன் உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுவில் போடும், அதை 30 பேரும் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். நியூயார்க் போடுவது அதிகம், எடுப்பது குறைவு. பிட்ஸ்பர்க்குக்கு அது தலைகீழ். தேசிய டிவி ஒப்பந்தப் பணமும் எல்லோருக்கும் சமம்.

ஐபிஎல்ல இருக்கிற மாதிரி சம்பளத்துக்கு லிமிட் கிடையாதா?

கிடையாது. ஐபிஎல்லில் எல்லா டீமுக்கும் ஒரே பர்ஸ், 2025 ஏலத்துக்கு 120 கோடி ரூபாய். பலர் மறந்துபோவது, அதில் 75 சதவீதமாவது செலவழித்தே ஆக வேண்டும் என்ற விதி. பேஸ்பாலில் மேலே கூரை இல்லை. ஒரு தொகையைத் தாண்டினால் அபராத வரி உண்டு, 2025-ல் அது 24.1 கோடி டாலர். வரியைக் கட்டிவிட்டுச் செலவழிக்கிறவர்கள் செலவழிக்கிறார்கள்.

கீழே தரையும் இல்லை. பைரேட்ஸ் மாதிரி டீம் 10 கோடி டாலரைத் தொடாமல் சீசனைத் தொடங்கினாலும் தடுக்க ஒரு குறைந்தபட்சத் தொகை கிடையாது. எல்லோரும் கூரை வேண்டும் என்று பேசுகிறார்கள். எனக்கு முதலில் தரை வேண்டும்.

அப்போ வர்ற காசு எங்க போகுது?

ஆதாரம் இல்லாமல் பேச மாட்டேன். வெளியே தெரிந்தது இது: 2010-ல் பைரேட்ஸின் கணக்குத்தாள்கள் கசிந்தன. 2007, 2008 இரண்டு வருடத்தில் சுமார் 2.9 கோடி டாலர் லாபம், இரண்டு வருடமும் டீம் படுதோல்வி. 2018-ல் ஆட்டக்காரர் சங்கம் நான்கு டீம்கள் மீது புகார் கொடுத்தது, பொதுப்பணத்தில் வந்த பங்கை டீமை வளர்க்கச் செலவழிக்கவில்லை என்று. அந்த நான்கில் பைரேட்ஸும் ஒன்று. டீம் மறுத்தது.

லாபத்தை விட முக்கியமானது டீமின் விலை. 1996-ல் அன்றைய ஓனர் குழு பைரேட்ஸை 10 கோடி டாலருக்கும் குறைவாக வாங்கியது. இன்று மதிப்பு 100 கோடியைத் தாண்டிவிட்டது. நடுவில் அந்த 20 வருடத் தோல்வியும் இருக்கிறது, கவனியுங்கள். அண்ணா சாலையில் மனை வாங்கிப் போட்ட மாதிரி. அதில் வீடு கட்டினாலும் கட்டாவிட்டாலும் விலை ஏறும்.

நல்ல பிளேயரே சிக்கலையா இவங்களுக்கு?

சிக்காமல் என்ன! வயிற்றெரிச்சலே அதுதான். கெரிட் கோல் என்ற பிட்சரை 2011 டிராஃப்டில், அதாவது புது ஆட்டக்காரர்களை டீம்கள் வரிசையாக எடுக்கும் தேர்வில், முதல் ஆளாக எடுத்தார்கள். 2018 ஜனவரியில் ஹூஸ்டனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதே வாரத்தில், 2013-ன் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய ஆண்ட்ரூ மக்கச்சனையும் சான் பிரான்சிஸ்கோவுக்கு. கோல் 2019-ல் ஹூஸ்டனுக்காக 20 வெற்றி (பேஸ்பாலில் வெற்றி தோல்வியை பிட்சர் பெயரிலும் எழுதுவார்கள்), 326 பேரை ஸ்ட்ரைக் அவுட். பிறகு நியூயார்க் யாங்கீஸ் 32.4 கோடி டாலர் கொடுத்து அழைத்துப் போனது.

இதை விட எரிவது 2018 ஜூலை 31-ல் நடந்த டிரேட், அதாவது ஆள் மாற்று. அந்த மாதம் டீம் தொடர்ந்து 11 மேட்ச் ஜெயித்திருந்தது. நிர்வாகமும் உற்சாகமாகி கிறிஸ் ஆர்ச்சர் என்ற பெயர்பெற்ற பிட்சரை டாம்பாவிலிருந்து வாங்கியது. ஊரே கைதட்டியது, நானும்தான். பதிலுக்குப் போனவர்கள் டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், கூடவே பிறகு பெயர் சொல்கிறோம் என்று எழுதிவைத்த ஒரு இளைஞன். ஆர்ச்சர் இங்கே வந்து சரியாகவே வீசவில்லை. மெடோஸ் அடுத்த வருடமே ஆல் ஸ்டார், அதாவது நட்சத்திர அணியில் இடம். கிளாஸ்னோவுக்கு டாட்ஜர்ஸ் 13.65 கோடி டாலர் கொடுத்தது. அந்தப் பெயரில்லாத இளைஞன் ஷேன் பாஸ், மேஜர் லீக் பிட்சர் ஆகிவிட்டான். செலவழிக்கத் தயங்குவது ஒரு குறை என்றால், துணிந்து செலவழித்த ஒரு தடவையும் தப்பான கடையில் போய் வாங்கியது இன்னொரு குறை.

தோத்துக்கிட்டே இருந்தா கீழ் லீக்குக்குத் தள்ள மாட்டாங்களா, ஃபுட்பால்ல மாதிரி?

மாட்டார்கள். தோற்றால் பரிசுதான் கிடைக்கும். அடுத்த டிராஃப்டில் கல்லூரி, பள்ளி ஆட்டக்காரர்களை முதலில் எடுக்கும் வாய்ப்பு மோசமான டீம்களுக்கு. வேண்டுமென்றே தோற்கிறார்கள் என்ற புகார் வந்ததால் 2023 டிராஃப்டிலிருந்து குலுக்கல் முறை. முதல் குலுக்கலிலேயே முதலிடம் யாருக்கு விழுந்தது? நமக்கு. அதில் வந்தவர்தான் பால் ஸ்கீன்ஸ்.

அந்த ஸ்கீன்ஸ் பையன வெச்சே ஜெயிக்கலாமே மச்சி?

பிட்சர் தினமும் வீச மாட்டார். வீசினால் நான்கைந்து நாள் ஓய்வு. 162-ல் 32 மேட்ச் கிடைத்தால் பெரிது. பும்ராவை ஐந்து மேட்சுக்கு ஒரு தடவை மட்டும் ஆடவிடு என்று சொன்ன மாதிரி.

அந்த 32-ல் நடந்ததையும் கேள். 2025-ல் ஸ்கீன்ஸ் 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.97 ரன்தான் கொடுத்தார். சிறந்த பிட்சருக்கான சை யங் விருது ஒரு ஓட்டுக்கூட சிதறாமல் அவருக்கே. அவர் கணக்கில் வெற்றி 10, தோல்வி 10! உலகத்தின் தலைசிறந்த பிட்சர் பாதிக்குப் பாதி. அவர் ஒரு ரன் கொடுப்பார், நம் ஆட்கள் ஒன்றும் அடிக்க மாட்டார்கள். ஏழாவது இன்னிங்ஸில் அவர் தலையைக் குனிந்தபடி டக்அவுட்டுக்கு நடந்து வருவதைப் பார்க்க, வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட முடியாத அப்பன் மாதிரி இருக்கும் எனக்கு.

அவரும் கோல் மாதிரி போயிடுவாரா?

விதி அப்படி. மேஜர் லீக்கில் ஆறு வருட சேவை முடிந்தால்தான் ஆட்டக்காரர் விரும்பிய டீமுக்குப் போகலாம். ஸ்கீன்ஸுக்கு அது 2029 சீசன் முடிவில். அதுவரை டீம் கையில்தான். முதல் சில வருடம் சம்பளமும் டீம் சொல்வதுதான்: 2025-ல் 8.75 லட்சம் டாலர், சோட்டோ வாங்குவதில் ஒரு ஓரம்கூட இல்லை.

எனவே 2029 வரை ஒரு கடிகாரம் ஓடுகிறது. ஜெயிக்க வேண்டும் என்றால் இந்தச் சில வருடத்துக்குள். டீம் அதற்குள் டிரேட் செய்துவிடும் என்று கேன்டீனில் பந்தயம் கட்டியவர்கள் இருக்கிறார்கள். கோல் கதையை மேலே படித்தவர்கள் அவர்களைக் குறை சொல்ல மாட்டீர்கள்.

2025-ல என்னமோ விமானத்துல பேனர் எல்லாம் பறந்துச்சாமே?

ஆமாம். ஏப்ரல் மாதம், சொந்த மைதானத்தில் முதல் மேட்ச் அன்று ரசிகர்கள் காசு போட்டு வாடகைக்கு எடுத்த விமானம் 'டீமை விற்றுவிடு' என்ற பேனரை இழுத்துக்கொண்டு மேலே சுற்றியது. கீழே அதையே கோஷமாகப் போட்டார்கள்.

அந்தக் கோபத்துக்குத் தோல்வி மட்டும் காரணமில்லை. மைதானத்தின் வலது பக்கச் சுவர் 21 அடி உயரம், பைரேட்ஸின் பழைய நட்சத்திரம் ராபர்ட்டோ கிளமென்டே அணிந்த 21-ம் எண்ணுக்காக. நிகரகுவா பூகம்பத்துக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோகும்போது 1972 டிசம்பர் 31-ல் விமானம் விழுந்து இறந்தவர் அவர். இந்த ஊரில் அவர் பெயரைச் சொன்னால் கிழவர்கள் குரல் தழுதழுக்கும். அந்தச் சுவரில் இருந்த அவருடைய 21 சின்னத்தை எடுத்துவிட்டு ஒரு மது விளம்பரம் வைத்தார்கள். அவர் மகன் வருத்தம் தெரிவித்த பிறகு டீம் மன்னிப்புக் கேட்டுத் திரும்ப வைத்தது. அதே சமயம், மைதானம் கட்டும்போது ரசிகர்கள் பெயர் பொறித்துக் காசு கொடுத்த செங்கற்கள் ஒரு மறுசுழற்சிக் கிடங்கில் குவிந்து கிடக்கும் படம் வெளியானது. செத்துப்போன அப்பாவின் பெயரில் கல் வாங்கியவர்கள் உண்டு. தோற்றால் பொறுப்போம். இதை எப்படிப் பொறுப்பது?

டிக்கெட் வாங்காம விட்டா தானா வழிக்கு வர மாட்டாரா ஓனர்?

விட்டுத்தான் பார்த்தோம். 2015-ல் கிட்டத்தட்ட 25 லட்சம் பேர் மைதானத்துக்கு வந்தார்கள். 2025-ல் சுமார் 15 லட்சம். 48 சதவீதப் பங்கையும், தேசிய டிவிப் பணத்தையும் மேலே சொன்னேன் இல்லையா? நான் வீட்டில் உட்கார்ந்தால் அது எதுவும் நிற்காது. என் கோபம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகிற குழாயே இல்லை.

மைதானமே பெரும்பாலும் மக்கள் வரிப்பணத்தில் கட்டியது. 1997-ல் அதற்காக விற்பனை வரியை ஏற்றலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள், மக்கள் வேண்டாம் என்றார்கள். அடுத்து மாற்றுத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்து கட்டியே விட்டார்கள். 2001-ல் திறந்தது.

ஓனர் பக்கம் ஒரு நியாயமும் இல்லையா தம்பி?

இருக்கிறது, பெரியப்பா. ஓக்லாண்டில் டீமைப் பெயர்த்துக்கொண்டு ஊரை விட்டே போய்விட்டார்கள். நட்டிங் அப்படி ஒரு மிரட்டல்கூட விடவில்லை. ரெனால்ட்ஸுக்குக் கொடுத்தார், மிட்ச் கெல்லருக்கு 5 வருடத்துக்கு 7.7 கோடி கொடுத்தார். கெப்ரையன் ஹேய்ஸுக்கு 7 கோடி கொடுத்தார், பிறகு அவரை 2025 ஜூலையில் சின்சினாட்டிக்கு அனுப்பிவிட்டார்கள் என்பது வேறு. அந்த வருடக் கடைசியில் பிராண்டன் லோவை டிரேடில் பிடித்தார்கள், ரையன் ஓஹெர்னுக்கு இரண்டு வருடத்துக்கு 2.9 கோடி டாலர் கொடுத்தார்கள். இருவரும் அடிக்கத் தெரிந்தவர்கள். பை அவிழ்கிறது என்று சொல்லலாம்.

ஆனால் ஸ்கீன்ஸ் வந்து இரண்டு சீசன் வீணான பிறகு அவிழ்கிறது. பந்தி முடியும்போது வடை வருகிற மாதிரி.

இந்தியப் பசங்க ரெண்டு பேர இந்த டீம்தானே எடுத்துச்சு?

ஆமாம், 2008-ல். ரிங்கு சிங், தினேஷ் படேல், இருவரும் உத்தரப் பிரதேசம், ஈட்டி எறிந்தவர்கள். வேகமாகப் பந்து வீசும் போட்டி ஒன்றில் தேர்வாகி அமெரிக்கா வந்து பயிற்சி எடுத்து பைரேட்ஸில் ஒப்பந்தம் போட்டார்கள். மேஜர் லீக் வரை போகவில்லை, கீழ்நிலை லீக்குகளில் ஆடினார்கள். இந்த நிர்வாகத்தை ஒரு விஷயத்தில் மனதாரப் பாராட்டுவேன் என்றால் இதில்தான்.

சிஎஸ்கே கடைசி இடத்துல வந்தப்ப நீங்க எப்படிப் புலம்புனீங்க? அப்போ இது மட்டும் ஏன் விடாம?

2025-ல் சிஎஸ்கே கடைசியில் வந்தது முதல் தடவை. அது ஒரு காய்ச்சல். இது சர்க்கரை வியாதி, கூடவே வாழப் பழகிவிட்டேன். வேறு டீமுக்கு மாறலாமே என்றும் கேட்கிறார்கள். மில்வாக்கித் தொப்பியைக் கடையில் ஒருதரம் தலையில் வைத்துப் பார்த்தேன். கண்ணாடியில் யாரோ மாதிரி இருந்தது, கழற்றி வைத்துவிட்டேன்.

ஏப்ரல்ல வர்றோம்டா, ஒரு மேட்ச் கூட்டிட்டுப் போவியா?

கண்டிப்பாக, சித்தி. காலையில் கோயில், கேன்டீனில் சாப்பாடு, பிறகு டவுன்டவுனில் காரை விட்டுவிட்டு கிளமென்டே பாலத்தில் நடந்து போகலாம். மேட்ச் நாளில் அந்தப் பாலத்தில் வண்டி விட மாட்டார்கள். மூன்றாம் பேஸ் பக்கம் மேல்மாடியில் டிக்கெட் எடுக்கிறேன். அங்கிருந்து ஆறும் பாலமும் கட்டடங்களும் ஒரே பார்வையில் தெரியும், டீம் என்ன செய்தாலும் அதைக் கெடுக்க முடியாது. எந்த நாள் யார் வீசுகிறார்கள் என்பது சில நாள் முன்னால்தான் தெரியும், ஸ்கீன்ஸ் நாளாக அமைகிறதா பார்ப்போம். ஸ்வெட்டர் இரண்டு எடுத்து வாருங்கள், ஆற்றங்கரைக் காற்று ஏப்ரலில் எலும்பைத் துளைக்கும்.